ஆடம் குட்ஸ்: கோப்பையை உயர்த்திய தலைவரும் கூச்சலிட்ட மைதானமும்

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக 1999 முதல் 2015 வரை 372 ஆட்டங்களில் ஆடி 464 கோல்களை அடித்தவர் ஆடம் குட்ஸ். அந்த விளையாட்டின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறையும், சாம்பியன் பட்டத்தை இரண்டு முறையும் வென்றவர். 2009 முதல் 2012 வரை அணியின் இணைத்தலைவர்களுள் ஒருவராக இருந்தவர். 2014ஆம் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக அறிவிக்கப்பட்டவர். ஓய்வுபெறும் வேளையில், பூர்வகுடி வீரர்களுள் அவரைவிட அதிக ஆட்டங்கள் ஆடியவர் எவரும் இல்லை.

இத்தகைய ஒருவர், நாட்டின் பல மைதானங்களில் பந்தைத் தொடும்போதெல்லாம் பல்லாயிரம் பேரின் ஏளனக் கூச்சலுக்கு இலக்காகி, வழியனுப்பு விழாவின்றி விளையாட்டை விட்டு விலகினார். திறமை இருந்தால் இழிவு தானாக மறையும் என்னும் வாதத்தைக் கேட்டுப் பழகியவர்கள் குட்ஸின் வாழ்க்கையைக் கூர்ந்து படிக்க வேண்டும். அவரிடம் திறமைக்குக் குறைவில்லை, சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. இனவெறியை இனவெறி என்று பெயர் சொல்லி அழைத்த பின்னரே அவர்மீதான வெறுப்பு திரண்டு எழுந்தது. அந்த வரலாற்றையும், விதிகள் இருந்தும் அந்த வெறுப்பைத் தடுக்க இயலாமற்போன காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விளையாட்டும் அதன் மண்ணும்

நாம் கால்பந்து என்று அழைப்பதிலிருந்து ஆஸ்திரேலியக் கால்பந்து முற்றிலும் வேறுபட்டது. கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டத் திடலில் அணிக்கு 18 பேர் ஆடுவர். நீள்வட்ட வடிவப் பந்தை உதைக்கலாம், கையில் ஏந்தி ஓடலாம், முட்டியால் குத்தித் தோழருக்கு அனுப்பலாம். கையால் எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி. பக்கவாட்டு இடைவெளியில் சென்றால் 1 புள்ளி.

இவ்விளையாட்டின் முதல் எழுத்து விதிகள் 1859இல் மெல்பர்னில் வகுக்கப்பட்டன. அதற்கு முன்பே விக்டோரியப் பகுதியின் பூர்வகுடி மக்கள் போசத்தின் தோலால் செய்த பந்தைக் கொண்டு மார்ன்குரூக் எனப்படும் ஆட்டத்தை ஆடிவந்தனர். இது நவீன ஆட்டத்தின் பிறப்பில் பங்கு வகித்ததா என்பது வரலாற்றாசிரியர்களிடையே நெடுநாள் விவாதம். 2008இல், விளையாட்டின் 150ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த நூலில் குட்ஸ் இப்பொருள் குறித்துக் கட்டுரை எழுதினார். தம் மக்களின் ஆட்டத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்புண்டு என்னும் தரப்பில் அவர் நின்றார். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆட்டத்தில் பூர்வகுடியினர் விருந்தாளிகளா, உரிமையாளர்களா என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள்.

மைதானத்தில் அவர்களுக்கு நேர்ந்ததும் இவ்விவாதத்தின் தொடர்ச்சியே. 1920களின் இறுதியில் கார்ல்டன் கிளப்பில் சேர முயன்ற டக் நிக்கோல்ஸ் அங்கு நிறத்தின் காரணமாக ஒதுக்கப்பட்டார். பின்னர் ஃபிட்ஸ்ராய் அணியில் புகழ்பெற்றார். பிற்காலத்தில் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரானார். 1993 ஏப்ரல் 17 அன்று, காலிங்வுட் அணியின் சொந்த மைதானமான விக்டோரியா பார்க்கில், செயின்ட் கில்டா அணியின் நிக்கி வின்மார் நாள் முழுவதும் இனவசைகளைக் கேட்டார். ஆட்டத்தை வென்ற பின் கூட்டத்தை நோக்கித் திரும்பிச் சட்டையை உயர்த்தித் தம் கறுப்புத் தோலைச் சுட்டிக்காட்டி நின்றார். அந்தப் புகைப்படம் ஆஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. அதன்பின் காலிங்வுட் கிளப்பின் அப்போதைய தலைவர், பூர்வகுடியினர் மைதானத்துக்கு வெளியே வெள்ளையரைப்போல் நடந்துகொண்டால் அனைவரும் அவர்களை மதிப்பர் என்னும் பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். மதிப்புக்கு நிபந்தனை உண்டு என்பதை அவர் ஒளிக்கவில்லை. குட்ஸுக்கு அப்போது வயது 13.

திருடப்பட்ட தலைமுறையின் மகன்

குட்ஸ் 1980 ஜனவரி 8 அன்று தென் ஆஸ்திரேலியாவின் வல்லாரு ஊரில் பிறந்தார். தாய் அட்னியமதானா, நருங்கா ஆகிய பூர்வகுடிகளின் வழிவந்தவர். தந்தை ஐரோப்பிய வம்சாவளியினர். குட்ஸ் சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தாயே மூன்று ஆண்மக்களையும் வளர்த்தார்.

அத்தாய் திருடப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளை அரசும் கிறித்தவ மிஷன்களும் குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தன. மொழியையும் உறவையும் அறுத்து அவர்களை வெள்ளைச் சமூகத்தில் கரைத்துவிடுவதே நோக்கம். 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை, அக்காலத்தில் பூர்வகுடிக் குழந்தைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இவ்வாறு பறிக்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அன்று குட்ஸ் பிரவுன்லோ பதக்கத்தை இருமுறை வென்றிருந்த புகழ்மிக்க வீரர்.

தாயிடமிருந்து பறிக்கப்பட்ட வரலாறு மகனுக்கும் வந்து சேரவில்லை. தம் மக்களின் கடந்தகாலத்தை இளமையில் தாம் அறிந்திருக்கவில்லை என்று குட்ஸ் பலமுறை கூறியுள்ளார். ஆட்டக்காரரான பின், சிட்னியின் ஈயோரா கல்லூரியில் பூர்வகுடியியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தே அதைக் கற்றார். பின்னாளில் அவரிடம் வெளிப்பட்ட தெளிவுக்கு இப்படிப்பு ஓர் அடித்தளம்.

ஏற்றம்

குடும்பம் விக்டோரியா மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. மெர்பைன், ஹார்ஷம் ஆகிய ஊர்களில் குட்ஸ் இவ்விளையாட்டைப் பயின்றார். 1997இல் நார்த் பல்லாரட் ரெபெல்ஸ் இளையோர் அணிக்காக ஆடிப் பட்டம் வென்றார். அதே ஆண்டு நடந்த வீரர் தேர்வில் சிட்னி ஸ்வான்ஸ் அவரை 43ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. நாற்பத்திரண்டு பேர் அவருக்கு முன்னே அழைக்கப்பட்டனர்.

1998ஆம் ஆண்டை இரண்டாம் நிலை அணியில் கழித்தார். 1999இல் முதல்நிலை அணியில் அறிமுகமாகி, அவ்வாண்டின் சிறந்த இளம் வீரருக்கான விருதை வென்றார். ஆறடிக்கு மேல் உயரமும் ஓடும் வேகமும் ஒருங்கே அமைந்ததால் அவரை எந்த இடத்திலும் நிறுத்த முடிந்தது. நடுவர் உயர எறியும் பந்துக்குத் தாவுபவராகவும், நடுக்களத்தில் ஓடுபவராகவும், முன்களத்தில் கோல் அடிப்பவராகவும் அவர் மாறி மாறி ஆடினார்.

2003இல் நேதன் பக்லி, மார்க் ரிச்சியூட்டோ ஆகியோருடன் தலா 22 வாக்குகள் பெற்றுப் பிரவுன்லோ பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார். 2006இல் 26 வாக்குகளுடன் தனித்தே வென்றார். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் கள நடுவர்கள் அளிக்கும் வாக்குகளால் தீர்மானிக்கப்படும் விருது இது. ஸ்வான்ஸ் கிளப்பின் சிறந்த வீரர் விருதை 2003, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். 2005இல் அறிவிக்கப்பட்ட பூர்வகுடியினரின் நூற்றாண்டு அணியில் 25 வயதிலேயே இடம்பெற்றார்.

அதே 2005இல் ஸ்வான்ஸ் பட்டம் வென்றது. 1982இல் சிட்னிக்கு இடம் மாறுவதற்கு முன் சவுத் மெல்பர்ன் என்ற பெயரில் இயங்கிய இக்கிளப் கடைசியாகப் பட்டம் வென்றது 1933இல். 72 ஆண்டுக் காத்திருப்பை, வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அணியை 58க்கு 54 என்ற புள்ளிகளில் வீழ்த்தி அவ்வணி முடித்துவைத்தது.

தலைமை

சிட்னி ஸ்வான்ஸ் அக்காலத்தில் தலைமையை ஒருவரிடம் குவிக்காமல் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. 2009இல் பிரெட் கிர்க், கிரெய்க் போல்டன் ஆகியோருடன் குட்ஸ் இணைத்தலைவரானார். 2011, 2012 ஆண்டுகளில் அவரும் ஜாரட் மக்வேயும் அணியை வழிநடத்தினர். அயர்லாந்துக்கு எதிரான கலப்பு விதி ஆட்டத் தொடரில் 2010இல் ஆஸ்திரேலிய அணிக்கும் அவர் தலைமையேற்றார்.

அக்காலத்தில் பூர்வகுடியினர் ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 சதவீதமாக இருந்தனர். லீக்கின் வீரர்களிலோ ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பூர்வகுடியினராக இருந்தார். ஆயினும் அணித்தலைவர்களாகவும் தலைமைப் பயிற்சியாளர்களாகவும் ஆனோர் மிகச் சிலரே. பூர்வகுடி வீரர் என்றால் வேகம், மாயாஜாலம், இயற்கையான திறன் என்று வருணிப்பதே விளையாட்டு எழுத்தின் வழக்கம். திட்டமிடல், பொறுப்பு, நிதானம் ஆகியன வேறொருவருக்குரிய சொற்களாக இருந்தன. குட்ஸின் தலைமை இவ்வழக்கத்துக்குக் கிடைத்த மறுப்பு.

2012 இறுதியாட்டம் அதற்குச் சான்று. ஹாதோர்ன் அணிக்கு எதிரான அவ்வாட்டத்தின் நடுவே குட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவர் களத்தை விட்டு வெளியேறவில்லை. நொண்டியபடியே ஆடி, கடைசிக் கால் பகுதியில் கோல் ஒன்றும் அடித்தார். ஸ்வான்ஸ் 91க்கு 81 என்ற புள்ளிகளில் வென்றது. தலைவர் என்ற முறையில் கோப்பையை உயர்த்தினார். அவ்வாண்டுடன் தலைமையிலிருந்து விலகினார்.

களத்துக்கு வெளியேயும் அவர் பொறுப்புகளை ஏற்றிருந்தார். 2009இல் அணித்தோழரும் பூர்வகுடியினருமான மைக்கேல் ஓலாக்லினுடன் இணைந்து ‘கோ’ அறக்கட்டளையை நிறுவினார். இருவர் குடும்பப்பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். பூர்வகுடி மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குவது அதன் பணி. ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தின் இனவெறி எதிர்ப்புப் பரப்புரையிலும் அவர் முகமாக நின்றார்.

2013: ஒரு சொல்

2013 மே 24, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். பூர்வகுடியினரைப் போற்றுவதற்கென லீக் ஒதுக்கிய சுற்றின் தொடக்க ஆட்டம், எதிரணி காலிங்வுட். வின்மார் சட்டையை உயர்த்தி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில், எல்லைக்கோட்டருகே இருந்த பார்வையாளர் ஒருவர் குட்ஸை மனிதக்குரங்கு என்று அழைத்தார். குட்ஸ் நின்றார், திரும்பினார், குரல் வந்த திசையைக் கைநீட்டிக் காவலர்களுக்குக் காட்டினார். அழைத்தவர் 13 வயதுச் சிறுமி.

மறுநாள் செய்தியாளர்களிடம் அவர் பேசியது கவனத்துக்குரியது. தாம் உள்ளம் உடைந்திருப்பதாகச் சொன்னார். ஆனால் அச்சிறுமியைக் குற்றம் சாட்ட வேண்டாம் என்றும், அவளுக்கு ஆதரவும் கல்வியும் தேவை என்றும் கேட்டுக்கொண்டார். அவளுக்கு அச்சொல்லைக் கற்றுக்கொடுத்த சமூகமே பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு. சிறுமியும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்றிரவு உடைமாற்றும் அறைக்கே சென்று குட்ஸிடம் வருத்தம் தெரிவித்தவர் காலிங்வுட் கிளப்பின் தலைவர் எடி மக்குவையர். சில நாட்களில் அவரே தம் வானொலி நிகழ்ச்சியில், மெல்பர்னில் அரங்கேறவிருந்த ‘கிங் காங்’ இசை நாடகத்தின் விளம்பரத்துக்குக் குட்ஸைப் பயன்படுத்தலாம் என்று பேசினார். பின்னர் மன்னிப்புக் கேட்டார், பதவியில் நீடித்தார். 13 வயதுச் சிறுமி அறியாமல் சொன்னாள் என்று கொள்ளலாம். நாட்டின் பெரிய கிளப் ஒன்றின் தலைவரிடமிருந்தும் அதே உவமை வந்தபோது, அது எங்கிருந்து கற்கப்படுகிறது என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

விருதும் வெறுப்பும்

2014 ஜனவரியில் குட்ஸ் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக அறிவிக்கப்பட்டார். விளையாட்டுச் சாதனையுடன் இனவெறிக்கு எதிரான அவர் பணியும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அவ்விருது ஜனவரி 26 கொண்டாட்டத்தையொட்டி வழங்கப்படுவது. 1788இல் பிரித்தானியர் குடியேற்றத்தைத் தொடங்கிய அந்நாளைப் பூர்வகுடியினர் பலர் படையெடுப்பு நாள் என்றே அழைக்கின்றனர். அந்த வேதனையை விருதாளரான குட்ஸ் மறைக்கவில்லை. பூர்வகுடியினரின் வாழ்நிலையைக் காட்டிய ஜான் பில்ஜரின் ‘யுடோப்பியா’ ஆவணப்படத்தைப் பார்த்தபின், அப்படம் குறித்து நிலவிய மௌனத்தைக் கண்டித்து எழுதவும் செய்தார்.

விருது பெற்றவர் நன்றியுடன் இருக்க வேண்டும், நாட்டைக் குறைசொல்லக் கூடாது என்ற குரல்கள் பத்திரிகைப் பத்திகளிலும் வானொலியிலும் எழுந்தன. 1993இல் காலிங்வுட் தலைவர் சொன்ன நிபந்தனையின் மறுவடிவம் அது. மைதானங்களிலும் கூச்சல் தொடங்கியது. எதிரணி ரசிகர்கள் ஒரு வீரரை ஏளனம் செய்வது விளையாட்டில் புதிதன்று. ஆனால் இது ஓர் ஆட்டத்துக்கோ ஓர் அணிக்கோ உரியதாக இல்லை. ஊர் மாறியும் அணி மாறியும் இலக்கு மட்டும் மாறாமல், வாரந்தோறும் தொடர்ந்தது.

2015 மே 29, சிட்னி கிரிக்கெட் மைதானம், மீண்டும் பூர்வகுடிச் சுற்று, எதிரணி கார்ல்டன். கோல் அடித்த குட்ஸ், கார்ல்டன் ரசிகர்கள் அமர்ந்திருந்த பக்கம் நோக்கிப் போர் நடன அசைவொன்றை ஆடி, ஈட்டி எறிவதுபோல் கையை வீசி முடித்தார். 16 வயதுக்குட்பட்ட பூர்வகுடிச் சிறுவர் அணியினரிடமிருந்து தாம் கற்ற நடனம் அது என்றும், தம் பண்பாட்டைக் கொண்டாடியதே நோக்கம் என்றும் அவர் விளக்கினார். நியூசிலாந்து ரக்பி அணி ஆடும் மாவோரி ஹாக்கா நடனத்தை ஆஸ்திரேலியக் கூட்டம் எழுந்து நின்று ரசிப்பது வழக்கம். தம் நாட்டுப் பூர்வகுடி வீரர் ஒருவர் சில நொடிகள் ஆடிய நடனமோ மிரட்டலாகச் சித்திரிக்கப்பட்டது. கூச்சல் பெருகியது.

கூச்சலுக்குக் காரணம் கேட்டபோது பலவிதமான விடைகள் வந்தன. சிறுமியைச் சுட்டிக்காட்டினார், கீழே விழுந்து நடித்து நடுவரை ஏமாற்றுகிறார், ஈட்டி எறிந்து அச்சுறுத்தினார். இனம் மட்டும் காரணமன்று என்று ஒவ்வொருவரும் உறுதி கூறினர். விழுந்து நடிப்பதாகக் குற்றம் சாட்டப்பட்ட பிற வீரர்கள் நாடெங்கும் இவ்வாறு வேட்டையாடப்படவில்லை என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை.

விதியின் எல்லை

இந்த லீக்கில் இனவெறிக்கு எதிரான விதி இல்லாமல் இல்லை. 1995இல் எசென்டன் அணியின் பூர்வகுடி வீரர் மைக்கேல் லாங், எதிரணி வீரர் ஒருவரின் இனவசைக்கு எதிராகப் பகிரங்கமாக முறையிட்டார். அவர் பின்வாங்க மறுத்ததன் விளைவாக அதே ஆண்டில் இன, மத இழிவுரைக்கு எதிரான விதி இயற்றப்பட்டது. ஆஸ்திரேலிய விளையாட்டில் அது முன்னோடி விதி. களத்தில் வீரர்களுக்கிடையே வழங்கிய வசைகளை அது பெருமளவு குறைத்தது.

அவ்விதிக்கு ஒரு சொல் தேவை. சொன்னவர் ஒருவர் தேவை. கேட்டவர் முறையிடுவார், சமரசம் பேசப்படும், தீராவிட்டால் தீர்ப்பாயம் செல்லும். பார்வையாளர் ஒருவர் இனவசை உதிர்த்தாலும் அவரை அடையாளம் கண்டு வெளியேற்ற இயலும். 2016 ஆகஸ்டில் அடிலெய்டில் எடி பெட்ஸ் என்னும் பூர்வகுடி வீரர்மீது வாழைப்பழம் எறியப்பட்டபோது, எறிந்தவர்மீது விரைந்து நடவடிக்கை எடுக்கப்பட்டது. அங்கே ஒரு செயல் இருந்தது. செய்த கை ஒன்று இருந்தது.

பல்லாயிரம் தொண்டைகளிலிருந்து எழும் கூச்சலில் சொல் இல்லை. குற்றவாளி என்று எவரையும் தனித்துக் காட்ட இயலாது. கூச்சலிட்டவர்களுள் சிலர் இனவெறியால் கத்தினர். சிலர் அணிப்பற்றால் கத்தினர். சிலர் அருகிலிருந்தவர் கத்தியதால் கத்தினர். கேட்பவருக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை; அவர் காதில் விழுவது ஒரே ஓசை. தனிமனித இழிசொல்லைத் தண்டிக்க வடிவமைக்கப்பட்ட விதி, கூட்டாகவும் சொல்லின்றியும் நிகழ்த்தப்படும் இழிவின் முன் செயலற்று நின்றது. அந்நிலையில் தேவைப்பட்டது, இது இனவெறிதான் என்று அமைப்பின் தலைமை முதல் மாதத்திலேயே அறிவிப்பது. லீக் நிர்வாகமோ தயங்கியது. ரசிகர்களின் உள்நோக்கத்தை அளக்க முயன்றுகொண்டிருந்த காலத்தில், கூச்சல் வழக்கமாகிவிட்டது.

விலகல்

2015 ஜூலை 26 அன்று பெர்த் நகரின் சுபியாக்கோ மைதானத்தில் வெஸ்ட் கோஸ்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கூச்சல் உச்சத்தை எட்டியது. அன்று கோல் அடித்த அணித்தோழர் லூயிஸ் ஜெட்டா, கூட்டத்தை நோக்கிப் போர் நடனம் ஆடிக் குட்ஸின் பக்கம் நின்றார். அடுத்த வாரம் குட்ஸ் விடுப்பு எடுத்துக்கொண்டார். சிட்னியில் அவரின்றி நடந்த ஆட்டத்தில், மூன்றாம் கால் பகுதியின் ஏழாம் நிமிடத்தில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் சட்டை எண் 37; மூன்றும் ஏழும் அதன் குறியீடு. ரிச்மண்ட் அணியினர் அவருக்கு ஆதரவாகப் பூர்வகுடி ஓவியம் பொறித்த சட்டையணிந்து ஆடினர். கூச்சலுக்கு எதிராகப் பேச நினைத்தோர் நாட்டில் இருந்தனர். அவர்கள் பேசுவதற்கு அவர் களத்தை விட்டு நீங்க வேண்டியிருந்தது.

ஒரு வாரத்தில் குட்ஸ் திரும்பினார். செப்டம்பர் 19 அன்று நார்த் மெல்பர்ன் அணியிடம் அரையிறுதிச் சுற்றில் தோற்றதும், உடைமாற்றும் அறையில் தோழர்களிடம் ஓய்வை அறிவித்தார். ஓய்வுபெறும் வீரர்கள் இறுதியாட்ட நாளன்று வண்டியில் மைதானத்தை வலம்வந்து விடைபெறுவது மரபு. குட்ஸ் அதில் பங்கேற்கவில்லை. கூட்டத்தின் விடைகொடுப்பைப் பெற்றுக்கொள்ள அவர் மறுத்தார்.

தாமதமான மன்னிப்பு

2019இல் இவ்வரலாறு மீண்டும் திரைக்கு வந்தது. ஐயன் டார்லிங் இயக்கிய ‘தி ஃபைனல் குவார்ட்டர்’ முழுவதும் அக்காலத்திய செய்திக் காட்சிகளையும் ஒலிப்பதிவுகளையும் மட்டுமே தொகுத்தது. புதிய நேர்காணல் இல்லை, விளக்கவுரை இல்லை. அன்று பேசியவர்கள் பேசியதே சாட்சியாயிற்று. இதழியலாளர் ஸ்டான் கிராண்ட் எழுதிய ‘தி ஆஸ்திரேலியன் ட்ரீம்’ அதே ஆண்டு வெளிவந்து குட்ஸின் குரலிலேயே கதையைச் சொன்னது.

முதல் படம் திரையிடப்பட்ட 2019 ஜூன் மாதத்தில், லீக்கும் அதன் 18 கிளப்புகளும் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரின. குட்ஸ் இனவெறிக்கு ஆளானார் என்பதையும், உரிய நேரத்தில் அவருக்காக நிற்கத் தவறினோம் என்பதையும் அவை ஒப்புக்கொண்டன. ஆட்டக்காரர் ஓய்வுபெற்று ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை எதுவும் 2019இல் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. அனைத்தும் 2015இல் அனைவர் காதிலும் விழுந்தவையே.

2021 பிப்ரவரியில், காலிங்வுட் கிளப் தாமே நியமித்த தற்சார்பான ஆய்வின் அறிக்கை கசிந்தது. கிளப்பில் இனவெறி அமைப்புரீதியாக நிலவியது என்று அது கூறியது. அது வெளியான நாளைப் பெருமைக்குரிய நாள் என்று வருணித்த எடி மக்குவையர், எதிர்ப்பு வலுத்தபின் சில நாட்களில் பதவி விலகினார். அதே ஆண்டு, லீக்கின் புகழ்மண்டபத்தில் சேர்க்கும் அழைப்பைக் குட்ஸ் மறுத்துவிட்டார் என்பது அறிவிக்கப்பட்டது. மன்னிப்பை வழங்கிய அமைப்பு, தன் மாளிகைக்குள் அவர் உருவத்தை வைத்து வரலாற்றை நிறைவுசெய்ய விரும்பியது. அந்த நிறைவை வழங்க அவர் உடன்படவில்லை. மன்னிப்புக் கேட்கும் உரிமை தவறிழைத்தவருக்கு உண்டு. அதை எப்போது, எவ்வாறு ஏற்பது என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு.

இவ்வாழ்க்கை கற்பிப்பது

குட்ஸின் வரலாற்றை ஒரு வீரரின் சோகக் கதையாகச் சுருக்குவது பிழை. பதக்கம் வென்ற ஆண்டுகளில் எந்த மைதானமும் அவரை இவ்வாறு விரட்டவில்லை. பட்டத்தை வென்றுகொடுத்தபோது சிட்னி நகரமே கொண்டாடியது. அவர் தம் மக்களின் பெயரால் பேசத் தொடங்கியதும், கிடைத்த ஏற்பு எத்தனை மெல்லிய நூலில் தொங்கியது என்பது வெளிப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் உயர்நிலையை அடைவது ஒரு படி. அந்நிலையிலிருந்து உண்மையைச் சொல்லும்போது அவருடன் நிறுவனம் நிற்கிறதா என்பதே அதனினும் கடினமான சோதனை. லீக் அச்சோதனையில் தோற்றதை அதன் சொந்த மன்னிப்புக் கடிதமே பதிவுசெய்திருக்கிறது.

செயற்பாட்டாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விதிகளைப் பற்றிய பாடம். 1995இன் விதி போராடிப் பெற்ற விதி. அதன் பயன் மெய்யானது. ஆயினும் இழிவு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும்போது விதியும் அதனுடன் மாற வேண்டும். சொல்லப்பட்ட வசையை மட்டும் குற்றமாக்கி, சிரிப்பையும் கூச்சலையும் புறக்கணிப்பையும் வெறும் உணர்வென்று விட்டுவிடும் எந்த ஏற்பாடும் பாதி வழியில் நின்றுவிடும்.

குட்ஸ் இன்று ஓய்வுபெற்ற வீரர். ‘கோ’ அறக்கட்டளை தொடர்ந்து இயங்குகிறது. பூர்வகுடி மாணவர்கள் அதன் உதவியால் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பயில்கின்றனர். 2021 முதல் வெளிவந்த குழந்தைகளுக்கான படநூல் வரிசையொன்றை அவர் இணைந்து எழுதியுள்ளார். அவற்றின் பொருள், இந்த மண் எவருடையது என்பது. தாயிடமிருந்து தமக்கு வந்து சேராத வரலாற்றை, 13 வயதில் ஒரு சிறுமி அச்சொல்லைக் கற்பதற்கு முன்பே குழந்தைகளிடம் கொண்டு சேர்க்கும் பணியை அவர் தேர்ந்துகொண்டுள்ளார்.